கூழ் வாங்கிய கைகள்

ஆடி, இரண்டாம் வெள்ளி.

வலைப்பூவைப் போலவே இதையும் போனிடம் சொல்லித்தான் எழுதவைக்கிறேன். இதை எங்கேயும் போடமாட்டேன்.

கோவில்பதாகை கிராமத்தில் நடவுக்குப் போன காலத்துப் படம் ஒன்றைப் போன வாரம் வலைப்பூவில் போட்டேன். பண்ணை ஆள் ஊற்றும் கூழை வெறுங்கையில் வாங்க வரிசையாக நிற்கும் படம். ஒவ்வொருத்தர் பேரையும் மறக்காமல் சொல்லியிருந்தேன்.

அந்தப் படத்தில் இருக்கும் சரோஜா இன்று நேரில் வந்துவிட்டாள்.

"பேரை மாத்திச் சொல்லிட்டனா?" என்றேன்.

"கரெக்டாத்தான் சொல்லிகீற அண்ணாத்தே. பேரன் ஆபீஸ்ல அத்தினி பேரும் பாத்துட்டாங்க. போடறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

அவள் எதிரிலேயே படத்தை எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் பக்கத்தில் கையேந்தி நின்றவன் நான். என்னை மட்டும் வெட்டிவிட்டுத்தான் போட்டேன். அதை அவள் கவனிக்காமல் இருந்திருக்கமாட்டாள். கேட்காமலே போய்விட்டாள்.