அவள் சொன்ன உயரம்

மார்ச் 4

பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இன்று முடித்துக் கொடுத்தேன். பழைய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய புது செட் போட்டேன். நான்கு பக்கமும் முப்பத்தைந்து மில்லிமீட்டர் இறக்கினேன். பாயப் போகிற புலி மாதிரி நின்றது. டாக்டர் மூன்று சுற்று சுற்றி வந்து பார்த்தார். "கை குடுங்க மாஸ்டர்." பதினெட்டு வருடமாகக் கேட்கிற வார்த்தைதான். இனித்தது.

மார்ச் 7

டாக்டர் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா முதுகெலும்ப ஒவ்வொண்ணா எண்ணிக்கலாம் மாஸ்டர். இடது பக்கம் திருப்பினா டயர் உரசுது."

இறக்கிய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றேன். அலைன்மென்ட் மெஷின் பக்கத்தில் நின்ற என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?" அவரிடம் கேட்டாள். என்னிடம் இல்லை.

பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். "வலது முன்பக்கம் ஸ்பிரிங் அமுங்க இடமே இல்ல. ரப்பர்ல போய் இடிச்சு நிக்குது." பிறகு டாக்டரைப் பார்த்து, "சார், உங்க எடை என்ன?"

"எண்பத்தாறு. வீட்ல சொல்லிடாதீங்க."

பட்டறையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன்.

மார்ச் 8

டிரைவர் சீட்டில் எண்பத்தாறு கிலோ மணல் மூட்டை வைத்து, நான்கு சக்கரத்துப் பக்கமும் வண்டியின் உயரத்தைப் புதிதாக அளந்தாள். காலி வண்டியை அளந்தவன் நான். ஓட்ட ஒரு ஆள் உட்காருவான் என்பது கூடத் தோன்றவில்லையே எனக்கு!

முன்பக்கம் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும், பின்பக்கம் எட்டு, ஸ்பிரிங் இன்னும் கெட்டியாக வேண்டும் என்றாள்.

"ஏத்தினா அழகு போயிடும்."

"போகாதுங்க."

அவ்வளவுதான் பேச்சு. நான் கீழே படுத்து ஸ்பானர் பிடித்தேன். அவள் மேலே நின்று எண் சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன், பட்டறைக்கு வருமுன், பள்ளி ஆய்வகத்தில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தவள்.

மார்ச் 9

டாக்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கை கொடுத்தார். அவளுக்கு.

மார்ச் 15

வருகிறவன் போகிறவன் எல்லாம் "அக்கா இல்லையா?" என்கிறான். அக்காவாம்! டாக்டர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

வயிறு எரிகிறது. வேறு எவனாவது என்றால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். கட்டின பெண்டாட்டி மேல் பொறாமைப்படுகிறவன் அதை யாரிடம் போய்ச் சொல்வான்? மத்தியானம், "ஏங்க, சரியா சாப்பிடலையே, உடம்புக்கு என்ன?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அதற்கும் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 18

டாக்டர் போன் செய்தார். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அவரும் நண்பர்களும் ரேஸ் டிராக்கில் வண்டி ஓட்டுகிறார்களாம். "எங்க மூணு வண்டிக்கும் அவங்கதான் செட்டிங் பண்ணணும் மாஸ்டர். கேட்டுச் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 20

சொல்லவில்லை.

மார்ச் 23

டாக்டர் மறுபடியும் கேட்டார். "அவளுக்கு விருப்பமில்ல சார். வீட்டு வேலையே சரியா இருக்கு" — என் வாய்தான் சொன்னது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். சே, என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 27

டாக்டர் காற்று நிரப்ப வந்தவர் நேராக அவளிடம் போனார். "வரமாட்டேன்னுட்டீங்களே. எங்களுக்கெல்லாம் ரொம்ப வருத்தம்."

நான் குனிந்து, ஏற்கெனவே முறுக்கிய நட்டையே மறுபடி முறுக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். "இன்னும் முடிவு பண்ணல சார். யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள்.

மார்ச் 28

காலையில் கேட்டாள். "பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் சொல்லாததை நான் சொன்னதா எப்படிச் சொன்னீங்க?"

பத்து காரணம் தயாராக வைத்திருந்தேன். "பொறாமை" என்றுதான் வந்தது.

"உங்களைத் தாண்டணும்னு நான் எதையும் செய்யலங்க. வண்டி சொல்றது எனக்குக் கேக்குது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டருக்கு நீங்களே போன் பண்ணுங்க. பொய் சொன்னேன்னு சொல்லுங்க" என்றாள்.

அவள் எதிரிலேயே பேசினேன். காது சுட்டது. "இதைச் சொல்றதுக்குப் பல்லைப் பிடுங்கின மாதிரி இருந்திருக்குமே மாஸ்டர்" என்றார் டாக்டர்.

ஏப்ரல் 12

ரேஸ் டிராக். மூன்று வண்டிகளும் அவள் கணக்கில், என் கையில் தயாரானவை. வளைவுகளில் கோடு போட்ட மாதிரி போயின. பக்கத்து அணி மெக்கானிக் ஒருவர் என்னிடம் வந்து, சிவப்பு வண்டியின் முன்பக்க உயரம் எவ்வளவு என்று கேட்டார். எனக்குத் தெரியும். திருகியவனே நான்தானே. நாக்கு நுனி வரை வந்தது.

"அதோ அந்த ஜாக்கி பக்கத்துல நிக்கிறாங்களே, அவங்களைக் கேளுங்க. அவங்க செட்டிங்."

"நீங்க?"

"அவங்க வீட்டுக்காரன்."

எரிச்சல் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய். அதற்குள் அவள் குரல் கொடுத்தாள். "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. இந்த இடது பின்பக்கம் உங்களுக்குச் சரியாப் படுதா?"

போனேன்.