தொட்டது தெரியாத கை

அன்புள்ள மித்சுயேவுக்கு,

நான் மலைபோல் நலம். நீயும் குழந்தையும் சுகந்தானே? மாமாவின் முட்டிவலி குறைந்ததா?

முந்தாநாள் குஷிரோ மல்யுத்த மேடையில் நான் ஒருவனைத் தூக்கிப் போட்டதில் ஹொக்கைடோவே நாலு அங்குலம் ரஷ்யா பக்கம் நகர்ந்துவிட்டது. பிறகு எதிர் ஜோடி என்னை மாறி மாறிப் பிழிந்தது. தவழ்ந்துபோய், கயிற்றுக்கு வெளியே நின்ற உன் தம்பி தொக்குஜியின் கையைத் தட்டினேன். நான் தட்டினால்தானே அவன் உள்ளே வரலாம்! அவன் அசையவில்லை.

"தொடுங்க மச்சான், சீக்கிரம்!"

"தொட்டாச்சுடா எருமை, உள்ள வாடா!"

அவன் தன் கையையே பார்த்தான். கழுத்து நரம்பாம். ஒரு மாதமாகவே விரல்களில் உணர்வில்லையாம்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். பதினாலு வருஷம் காத்திருந்து இந்த ஞாயித்துக்கிழமைதான் சாம்பியன் பெல்ட்டுக்குச் சண்டை. அது முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

இன்னொரு முறை தலைகீழாக விழுந்தால் அவன் எழமாட்டான், மித்சுயே. கெஞ்சினேன், கத்தினேன், அவன் பூட்ஸைக்கூட ஒளித்துவைத்தேன். முதலாளியோ டிக்கெட் விற்றாயிற்று என்று காதை மூடிக்கொண்டார். நீ அதட்டினால்தான் கேட்பான். சப்போரோவில் நாங்கள் தங்கும் விடுதிக்கு ஃபோன் போட்டு அவனிடம் பேசு. உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன், அதனால்தான் விரைவுத் தபால்.

கம்பளிக் காலுறையும் நீ போட்ட பிளம்ஸ் ஊறுகாயும் அனுப்பு. இங்கே எதுவும் ருசிக்கவில்லை.

பேருந்து ஹாரன் அடிக்கிறது. உன் பேச்சையும் மீறி ஞாயிற்றுக்கிழமை அவன் மேடை மூலையில் வந்து நின்றால், எதிராளிகள் இருவரும் மோச்சிக் கொழுக்கட்டைக்கு அரிசி இடிப்பதுபோல் என்னை இடிக்கட்டும். அவன் எவ்வளவு கை நீட்டினாலும் தொடமாட்டேன்.

அவசரத்தில்,
இவாவோ