ஒரே ஆட்டின் ரத்தம்

அல் ஐன்,
12.3.2006

மரியாதைக்குரிய மச்சான் பழனிச்சாமி அவர்களுக்கு, அழகுமலை எழுதுவது.

இங்கு நானும் ஆடுகளும் சுகம். அம்மாவுக்கு சீரியஸ் என்று முதலாளி கபீலிடம் அழுது லீவு வாங்கிப் போனீர்களே, அத்தை வயலில் களை எடுத்துக்கொண்டிருப்பதாகத் தாமரை அக்கா போனில் சொன்னது. நீங்கள் பிளேன் ஏறியதுமே குணமாகிவிட்டது போலிருக்கிறது.

நீங்கள் ஏன் ஓடினீர்கள் என்று இப்போதுதான் புரிந்தது. ஆட்டு டாக்டர் ஆட்டுக்கு ஒரு ட்யூப் என்று கொடுத்து, கழுத்தில் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஊரில் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் என்று மார்தட்டியதால்தானே உங்களை நம்பினார்? அங்கே நீங்கள் பார்த்தது வாட்ச்மேன் வேலை என்பது அவருக்குத் தெரியாது. முரட்டுக் கிடாய்களைப் பிடிக்கப் பயந்து, கூப்பிட்டால் வரும் பால் ஆட்டை நிற்க வைத்து, எல்லா ட்யூபையும் அதன் ரத்தத்திலேயே நிரப்பி நம்பர் ஒட்டியிருக்கிறீர்கள். பார்த்துவிட்ட, நம்மோடு ஆடு மேய்க்கும் சுஐபிடம், எல்லா ஆட்டு ரத்தமும் சிவப்புதான், வாயை மூடு என்று மிரட்டினீர்களாம். வாழைப்பழச் சோம்பேறி என்று கேள்விதான் பட்டிருக்கிறேன். அவரோடு ஒரே ரூமில் இருந்தது தெரியாமல் போயிற்று.

உங்கள் புத்திக்கேற்ற அதிர்ஷ்டம், அந்த ஆட்டுக்கு நோய் இருந்தது. மந்தை முழுக்க நோய் என்று ரிசல்ட் வந்தது. வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்து, சினை ஆட்டின் குட்டியைக் கலைக்கிற நோயாம். எல்லாவற்றையும் கொன்று புதைக்கக் குழி வெட்டும் மெஷின் வந்து நின்றது. ஆடு இல்லாத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை? கலாஸ், எல்லாம் முடிந்தது, ஊருக்குப் போங்கள் என்றார் கபீல்.

விசா எடுத்துத் தந்த மச்சானாயிற்றே என்று பார்த்தால் அத்தனை உயிரும் குழிக்குள் போகும். கபீலிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். டாக்டரே வந்து, நானும் சுஐபும் பிடித்துக் கொடுக்க, ஒவ்வொரு ஆடாக ரத்தம் எடுத்தார். பால் ஆட்டுக்கும் அதன் பக்கத்தில் கட்டியிருந்த இரண்டுக்கும் மட்டும்தான் நோய். மற்றவை பிழைத்தன. உங்கள் விசா கேன்சல். திரும்பி வர வேண்டாம். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

அந்த ஆட்டுப் பாலை யார் காய்ச்சாமல் குடித்தது என்று டாக்டர் கேட்டார். காய்ச்சினால் சத்துப் போய்விடும் என்று கறந்த சூட்டோடு தினமும் குடித்தது நீங்கள்தான். எங்களுக்கு ஒரு சொட்டுத் தந்ததில்லை. அந்தக் கஞ்சத்தனம் வாழ்க, சோதித்துப் பார்த்ததில் எங்கள் ரத்தத்தில் ஒன்றுமில்லை.

உங்களுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல், வேர்வையில் பாய் நனைகிறது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று அக்கா அழுதது. நீங்களோ வெயில் சூடு என்று இளநீர் குடித்துத் திரிகிறீர்களாம். அது இந்த நோயாகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். விடாமல் மாத்திரை சாப்பிட்டால் தீருமாம். அசட்டையாக விட்டால் முதுகெலும்பில் இறங்குமாம். நோயின் பெயரை அவரே எழுதிக் கொடுத்த சீட்டு இதோடு இருக்கிறது. மதுரை பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள்.

ரத்தம் கேட்பார்கள். தயவுசெய்து உங்கள் கையையே நீட்டுங்கள். என் மேலுள்ள கோபத்தில் போகாமல் இருந்துவிடாதீர்கள். எனக்கு நீங்கள் வேண்டாம் மச்சான். அக்காவுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
அழகுமலை