ஆறிய ஆயில்

ஜூலை 14, செவ்வாய்

டிரைவர் முனிராஜ் அண்ணன் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். "மூணாவது கியர்ல சத்தம் வருது தங்கச்சி, நீயாவது பாரு." அவர் ஓட்டும் கம்பெனி பஸ்ஸின் கியர் ஆயிலை எடுத்து லேபுக்கு அனுப்புவது என் வேலை. வண்டி ஓடி வந்து நின்றதும், சூடு ஆறுவதற்குள் சாம்பிள் எடுக்க வேண்டும். ஆறிவிட்டால் கியர் தேய்ந்து உதிர்ந்த இரும்புத்தூள் அடியில் தங்கிவிடும், லேபில் தெரியாது. இது எனக்குத் தெரியாததா? சாம்பிள் எடுக்க வேண்டிய அன்று சாயங்காலம், வீட்டுக்குப் போகும் லிங்கராஜபுரம் பஸ்ஸைத் தவறவிட மனமில்லை. மறுநாள் காலையில், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியில் மேலாக இருந்த ஆயிலைப் பம்பில் உறிஞ்சி பாட்டிலை நிரப்பினேன். பாட்டிலோடு லேபுக்குப் போகும் சீட்டில் 'சூடாக எடுத்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. "சும்னே கம்ப்ளெய்ன்ட் பண்ணாதே, உனக்கு ஓட்டத் தெரியல" என்று மேனேஜர் கன்னடம் கலந்த தமிழில் எல்லார் முன்னாலும் அண்ணனைத் திட்டினார்.

இன்று காலை தொம்மலூர் மேம்பாலத்தில் கியர்பாக்ஸ் இறுகி, பஸ் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் பைக்கில் வந்தவர் மோதி விழுந்தார். கால் முறிந்துவிட்டதாம். ஷெட்டில் ஆயிலை வடித்தபோது தட்டில் கியர் பல்லின் துண்டுகள் விழுந்தன. மேனேஜர் லேபுக்கு ஃபோன் போட்டுக் கத்தினார்.

அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ சரியாத்தாம்மா அனுப்பிச்சே. லேப்காரங்கதான் ஒழுங்கா பாக்கல."

"ஆமாண்ணா" என்றேன்.