மூன்று வியாழக்கிழமைகள்

ஜுசாரா,

பீன்ஸ் குக்கரிலேயே இருக்கிறது. சாவி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால். நீயும் பாப்பாவும் தூங்கும்போதே கிளம்புகிறேன். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாயில்லை.

நீ பால் வங்கிக்குத் தானம் கொடுக்கும் தாய்ப்பாலை வாங்க வியாழன்தோறும் வரும் தீயணைப்பு வண்டி ஏன் மூன்று வாரமாக வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே. நான்தான் வர வேண்டாம் என்றேன். ஒஸ்மார் மதுக்கடையில் ஒரே கிண்டல். "என்னடா ஜெனி, வியாழக்கிழமையானா உன் வீட்டு முன்னாடி ஃபயர் வண்டி நிக்குது. உன் பொண்டாட்டிக்கு நீ ஒருத்தன் பத்தலையா?" எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளே அந்த வண்டியில் வரும் சார்ஜென்ட் கிளெபெருக்குப் போன் போட்டு, உனக்குப் பால் வற்றிவிட்டதென்று பொய் சொன்னேன்.

நம் எய்த்தோர் ஏழாம் மாதத்தில் பிறந்து, குடல் அழுகி, வயிறு உப்பிப் பன்னிரண்டாம் நாள் போனதைப் பார்த்தவன் நான். தாய்ப்பால் கிடைக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த நோய் குறைவாகத்தான் வரும் என்று டாக்டர் சொன்னதையும் கேட்டவன். அன்று உனக்குப் பால் ஊறவில்லை, பால் வங்கியிலும் இல்லை. அப்படிப்பட்ட நான்தான் வண்டியை நிறுத்தினேன்.

கிளெபெரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு வருவார். பால் வங்கி நோட்டீஸை ஒஸ்மார் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். அடியில் எய்த்தோர் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

ஜெனிவால்டோ

மறந்துவிட்டேன்: ஃப்ரீசர் மேல்தட்டில், காலி காப்பித்தூள் பாட்டில்களில் நீ பிடித்து வைத்த பால் நான்கு இருக்கிறதே, அதைக் கொடுத்துவிடாதே. பதினைந்து நாள் தாண்டிவிட்டது, வாங்கமாட்டார்கள். நீ கொட்டவும் வேண்டாம். சாயங்காலம் வந்து நானே கொட்டுகிறேன்.