ஆறு டீ காசும் பதினொரு கேள்வியும்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை என்றேன், என் மனசு ஒரு மாதமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் வலி குறைந்ததும் ஸ்டூலில் ஏறி பரண் துடைக்க ஆரம்பித்துவிட்டாள், நீயே ஒரு வார்த்தை சொல்லி வை, நான் சொன்னால் கேட்கிறவளா அவள். மாடி வீட்டுக் குழாய்க் கசிவு நம் சமையலறைச் சுவர் வரை இறங்கிவிட்டது. கடையில் பெரிய ஜெராக்ஸ் மெஷின் எல்லாத் தாளிலும் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு போடுகிறது, மெக்கானிக் நாளை வருகிறேன் என்று சொல்லியே எட்டு நாளாகிறது. இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியதுதான். மற்றதைப் போனில் சொன்னால் நீ "அப்பா, டென்ஷன் ஆகாதீங்க" என்பாய், எனக்கு இன்னும் ஏறும், டக்கென்று வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

டப்பா விஷயம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நீ அந்த நாட்டுக்குப் போன பிறகு ஆரம்பித்தது அது. ஒன்பது வருடமாக மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் நம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பதினான்கு பேர் உட்காருகிறோம், ஜெராக்ஸ் மைப்பொடி வந்த காலி டோனர் டப்பா ஒன்றில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுகிறோம், பிறருக்கு உதவுகிற மாதிரி ஒரு யோசனை யாரிடம் இருந்தாலும் அவர் வந்து எங்கள் டீ ஆறுவதற்குள் அதைச் சொல்ல வேண்டும், பிடித்திருந்தால் டப்பாவில் இருப்பதை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவோம். திருப்பித் தர வேண்டாம், என்ன ஆயிற்று என்று வந்து சொல்லவும் வேண்டாம். வங்கிக் கவுண்டரில் மூன்று படிக்கிற கண்ணாடிகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டது அந்தக் காசில்தான், இப்போது கண்ணாடியை மறந்து வருகிற கிழவர்கள் யாரும் கையெழுத்துப் போட அடுத்தவரைக் கெஞ்சுவதில்லை. பஸ் நிறுத்தத்தில் இருபது குடை வைத்தோமே, மழையில் எடுத்துப்போய் வெயிலில் கொண்டுவந்து வைக்கலாம் என்று, ஒரே வாரத்தில் இருபதும் போய்விட்டது. "போனா போகட்டும், நனையாமத்தானே போயிருக்காங்க" என்று எங்களில் சாவி செய்கிறவர் சொன்னார், வயிறு வலிக்கச் சிரித்தோம், அடுத்த மாதம் மறுபடி டப்பாவில் போட்டோம்.

இந்த டப்பாவில் ஒரே ஒரு சட்டம் உண்டு, அதை உனக்கு நான் சொல்லவே இல்லை, அதுதான் என் முதல் தப்பு. எங்களில் யாருக்கு வருமானம் எல்லோரையும் விடக் குறைவோ அவர்தான் அந்த வருடம் மாதாமாதம் எவ்வளவு போடுவது என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதைத்தான் பதினான்கு பேரும் போட வேண்டும், கூட ஒரு காசும் போடக் கூடாது. விலைவாசி ஏறுவதால் நாங்கள் காசில் சொல்வதில்லை, டீயில் சொல்வோம். ஒன்பது வருடமும் அந்த அளவைச் சொன்னது நம் கடைக்கு எதிரே இருக்கிற ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அம்மாதான், அதனால் அவளுக்கு எங்களிடம் அளவு அக்கா என்றே பெயர். என்னைவிட வயதில் சின்னவள்தான், இருந்தாலும் எல்லோருக்கும் அக்கா. முதல் வருடம் மூன்று டீ என்றாள், இந்த வருடம் ஆறு டீ. நகைக்கடை வைத்திருப்பவரும் ஆறு டீ காசுதான், அவளும் ஆறு டீ காசுதான். அங்கே உட்கார்ந்திருக்கும்போது யாரும் யாருக்கும் மேலே இல்லை, கீழேயும் இல்லை. ஒன்பது வருடத்தில் அவள் தனக்கென்று ஒரு யோசனை கொண்டுவந்து டப்பாவைக் கேட்டதே இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்.

இப்போது உன் பணத்துக்கு வருகிறேன். போன மாதம் டப்பாவுக்கென்று நீ அனுப்பிய தொகை, நாங்கள் மூன்று வருடம் உட்கார்ந்தாலும் சேராது. உங்கள் ஆபீஸும் அதே அளவு போடும், அதற்கு ஒரு படிவம் மட்டும் வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் என்ன செய்திருக்க வேண்டும், சட்டம் இப்படி அம்மாடி என்று அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். செய்தேனா? என் பெண் அனுப்பினாள், என் பெண் அனுப்பினாள் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். உன் படிவத்தைத் தமிழில் அடித்து, கடையில் இருப்பதிலேயே தடிமனான தாளில், கறுப்புக் கோடு விழாத சின்ன மெஷினில், என் கையாலேயே இருபது பிரதி எடுத்து அடுக்கினேன். உன்னைத் திட்டுவதில் பாதி எனக்கும் சேர்த்துத்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களோடு ஓய்வு பெற்ற ஆபீஸ் மேனேஜர் ஒருவர் இருக்கிறார், எதற்கெடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள் என்பார், சுற்றறிக்கை என்று கூப்பிடுவோம். அவருக்குப் படிவத்தைக் கண்டதும் பத்து வயது குறைந்துவிட்டது. தேர்வுக் குழு என்று ஒன்று போட்டார், அதற்குத் தலைவர் அவரே.

அந்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் அளவு அக்கா முதல்முறையாக எழுந்து நின்று, எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லட்டுமா என்று கேட்டாள். அறுவை அரங்கு வாசலில் காவலாளி கதவைத் திறந்து நோயாளி பெயரைச் சொல்லி ஒரே ஒரு தரம்தான் கூப்பிடுவார், கதவு மூடிவிடும். அதைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் உள்ளே ஆளை அனுப்பியவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வராந்தாவை விட்டு நகர மாட்டார்களாம், டீ குடிக்கப் போக மாட்டார்கள், கழிப்பறைக்குக் கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். ஒரு மைக்கும், நூறு அடி ஒயரும், டீக்கடைப் பக்கம் ஒன்று கழிப்பறைப் பக்கம் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கரும் இருந்தால் போதும் என்றாள். பெரிய நர்சிடம் கேட்டும் வைத்திருக்கிறாள், "ஆஸ்பத்திரி கணக்குல கேட்டா அடுத்த வருஷம்தான் வரும், நீ வாங்கிட்டு வா, மாட்டிக்கலாம்" என்று அந்த அம்மா சொன்னாராம். டீயில் ஆவி கூட அடங்கவில்லை, அதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். பழைய டப்பாவாக இருந்தால் அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்திருப்போம். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சுற்றறிக்கை அவள் கையில் படிவத்தைக் கொடுத்தார், நான் பேனா கொடுத்தேன்.

பதினொரு கேள்வி. பயனாளிகள் எத்தனை பேர், அந்தப் பயனை எதைக் கொண்டு அளப்பீர்கள், மூன்று ஆண்டுக்குப் பிறகு இது எப்படித் தொடரும், பயனாளியின் புகைப்படம் திட்டத்துக்கு முன் ஒன்று பின் ஒன்று. அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டிக் கூட்டி எல்லாவற்றையும் படித்தாள். படித்துவிட்டு, "உள்ள ஆளை வெச்சுக்கிட்டு பயந்துபோய் உக்காந்திருக்கிறவங்க மூஞ்சிய நான் எப்படிங்க போட்டோ புடிக்கிறது" என்று கேட்டாள். ஒரே ஒரு படம் போதும் அக்கா, முகம் தெரியாமல் எடுத்தாலும் போதும் என்றார் சுற்றறிக்கை. அவள் படிவத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஆறு டீ காசை டப்பாவில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தினம் இந்த வழியாகப் போகிறவள் எதிர் ஓரமாக நடந்து போனாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வேலை மும்முரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா மட்டும், "மனசு விட்டுப் போச்சு அவளுக்கு, போய்ப் பேசுங்க" என்று இரண்டு தரம் சொன்னாள்.

அதிலிருந்து பதினெட்டாவது நாள் ஒரு தச்சர் கடைக்கு வந்தார், ஆஸ்பத்திரிக் காகிதம் ஒரு கட்டு, எல்லாவற்றிலும் மூன்று பிரதி வேண்டும் என்றார். போன வாரம்தானே எடுத்துக் கொடுத்தேன் என்றேன். தேதி மாறிவிட்டது, எல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டுமாம் என்றார். ஏன் என்று கேட்டது என் வாய்தான். அந்த மனிதர் மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "காலையில இருந்து அடக்கிட்டு உக்காந்திருந்தேன் சார், முடியல. ரெண்டே நிமிஷம்தான் போனேன். அதுக்குள்ள கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஆள் இல்லைன்னு அடுத்தவங்களை உள்ள எடுத்துட்டாங்க. என் வீட்டுக்காரி முந்தின நாள் ராத்திரியில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கல சார். ட்ரெஸ் எல்லாம் மாத்தி படுக்க வெச்சிருந்தவளைத் திருப்பி வார்டுக்கே தள்ளிட்டு வந்துட்டாங்க." அவர் எதிரே என் மேஜையில் என்ன இருந்தது என்று நினைக்கிறாய், நான் அடுக்கி வைத்திருந்த படிவங்களில் மிச்சம் அத்தனையும் அப்படியே இருந்தன. அவரிடம் காசு வாங்கவில்லை. வாங்காமல் இருந்தால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை, அன்று மதியமே எல்லோரையும் கூப்பிட்டேன். சுற்றறிக்கை ஒரு முறை என்று இருக்க வேண்டாமா என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த கோபத்தில், முறை என்று இருந்தது ஐயா, ஒன்பது வருடம் இருந்தது, குறைந்த சம்பளக்காரி சொல்லுக்குப் பதின்மூன்று பேர் கட்டுப்பட்ட முறை, அதை என் பெண்ணின் பணத்துக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டோம் என்று கத்தினேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சுற்றறிக்கை பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அவள் சார்பில் அவரே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார், ஏழாவது கேள்வியோடு நின்றுபோயிருக்கிறது. மூன்று ஆண்டுக்குப் பிறகு எப்படித் தொடரும் என்பதற்கு முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் நடத்திய மனிதருக்கே பதில் வரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் பாதி தணிந்துவிட்டது.

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அளவு அக்கா அந்த வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள், "ஈரமா இருக்குண்ணே, தள்ளி நில்லுங்க" என்றாள், அவ்வளவுதான் வரவேற்பு. தப்பு எங்களுடையது என்றேன். அவள் துடைப்பதை நிறுத்தவே இல்லை. "மூணு வருஷம் கழிச்சு எப்படி நடக்கும்னு அந்தத் தாள்ல கேட்டிருந்துச்சே, மூணு மாசம் கழிச்சு எனக்கு இங்க வேலை இருக்குமான்னே தெரியாதுண்ணே, கான்ட்ராக்ட்காரன் இஷ்டம்" என்றாள். கொஞ்ச தூரம் துடைத்துக்கொண்டே போய்த் திரும்பி வந்து, "அதுகூடப் போகட்டும். அவ்ளோ பெரிய பணம் வந்தப்புறம் என் ஆறு டீ அங்க எதுக்குண்ணே? அத வெச்சு நான் அளவு சொன்னா சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். சொல்லு, நான் என்ன பதில் சொல்ல? நீ நல்ல மனதோடுதான் அனுப்பினாய் என்று அம்மா இதை எழுதும்போதும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள், எனக்கும் தெரியும் அது. ஆனால் நல்ல மனதோடு வந்த பணம் ஒரே நாளில் அவளைச் சிறியவளாக்கிவிட்டதே, அதை உன் படிவத்தில் எந்தக் கேள்விக்கு நேரே எழுதுவது? பஸ் ஏறாமல் மூன்று கிலோமீட்டர் நடந்து வேலைக்குப் போய் மிச்சம் பிடித்த காசை ஒன்பது வருடம் போட்டவளை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை, அவள் ஒரு தரம் கேட்டதற்குப் பதினொரு கேள்வியா? எனக்கு ஆறவே இல்லை அம்மாடி.

மைக்கும் ஸ்பீக்கரும் டப்பாக் காசிலேயே வாங்கிவிட்டோம், ஒயர் இழுத்துக் கொடுத்தது சாவிக்காரர். போன வியாழக்கிழமை மாட்டியது. காவலாளி முதலில் மைக்கில் ஃபூ ஃபூ என்று ஊதியதில் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தச்சரின் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தது, பெயரைக் கூப்பிட்டபோது மனிதர் டீக்கடையில் இருந்திருக்கிறார், கிளாஸைக் கையில் பிடித்தபடியே ஓடினாராம். அந்த அம்மா நன்றாக இருக்கிறாள். டீக்கடைக்காரர்தான் கிளாஸ் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன் பணத்தை முழுவதும் சனிக்கிழமை வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டேன், வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொள். கழுத்து வலிக்கு மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்காதே, மணிக்கு ஒரு தரம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து நட. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனசு கோணாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், நானும் அம்மாவும் தினமும் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அளவு அக்கா வந்தாள். பணம் திரும்பிப் போனதைச் சொன்னேன். "பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லண்ணே, ஆசைப்பட்டா அதுவும் நம்ம கூட சேரட்டும். ஆனா ஆறு டீதான், நம்ம தெரு டீ. அதுக்கு மேல ஒரு வாய் கூடக் கூடாது" என்றாள். பெரிய தொகை கொடுக்க உன்னால் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவள் கொடுக்கிற அளவே கொடுத்துவிட்டு, அது என்ன ஆயிற்று என்று கேட்காமல் உன்னால் இருக்க முடியுமா, அதை மட்டும் பதிலில் எழுது.

இப்படிக்கு,
கோபத்தோடும் ஆசையோடும்
அப்பா