சவுனாக் கரையில் திறந்த தொட்டி

லெய்தா, இருமல் நின்றதா? வெந்நீர்தானே குடிக்கிறாய்? நான் நன்றாக இருக்கிறேன். எனக்கு எழுத வராததால், நான் வேலை பார்த்த படகின் சமையற்காரி ஹெல்வி எழுதுகிறாள்.

நேற்று ஒரு ஃபின்லாந்துத் தீவில் பாய்மரப் படகை நிறுத்தினோம். சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் வியர்த்துச் சிவந்த தீவுக்காரர்கள் கடலில் குதிக்க ஓடி வந்தார்கள். கழிவை உறிஞ்சும் பம்பு துறையில் இருந்தும், அங்கே போகச் சோம்பி, முதலாளி உர்மாஸ் கக்கூஸ் தொட்டியை அந்தத் தண்ணீரிலேயே திறந்துவிட்டான். சீ, மனிதனா அவன்!

"குதிக்காதீங்க, பீத்தண்ணி!" என்று கத்தினேன்.

"கடல் பெருசு கிழவா, வாயை மூடு" என்றான் உர்மாஸ்.

"அப்ப நீயே முதல்ல முங்கி எந்திரி, ராசா!"

என் பையைக் கரையில் வீசிவிட்டான். வேலை போனால் போகட்டும். அவன் ரொட்டி இனித் தொண்டையில் இறங்காது.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். படகிலிருந்து ஹெல்வியைக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். நம் ஊர்த் துறைக்கு என் கம்பளிச் சட்டை வந்தாக வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே வா.

காரெல்